குரலுக்குப் பின்னால் ஒரு கரண்டிச் சத்தம்

அன்பு மச்சான் மரியநாயகம்,

உன்ர கதிரையில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்லுகிறன். கோபிக்காதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறது உன்ர மகள் றெஜினா. வருகிற கிழமை உனக்கு ஆண்டுப் பூசை. அன்றைக்குக் கோயிலில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு, "மாமா, நீங்களும் ஒண்டு தரவேணும்" என்று பிடிவாதமாய் நிற்கிறாள். என்ர பேரையே எழுதத் தெரியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? "நீங்கள் கதையுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்றாள். கதைக்கிறபடியே எழுது பிள்ளை என்றால் பாதியைத் திருத்தி எழுதுகிறாள். படித்த பிள்ளை, விடு.

உன்னைத் தெரியாத ஆக்களும் இதை வாசிப்பினம். அதால் முதலே சொல்லிவிடுகிறன். நீ என்ர தங்கச்சி எமிலியாவைக் கட்டினவன். தபால் கந்தோரில் தந்தி அடித்துப் பென்சன் எடுத்தவன். முல்லைத்தீவுக் கரையில் வீடு கட்டி இருந்தும் ஒரே ஒரு நாள்தான் என்னோடு கடலுக்கு வந்தாய். வள்ளம் வெளிக்கிட்டவுடன் தொடங்கிய சத்தி, கரைக்கு வந்து மண்ணில் படுத்த பிறகும் நிற்கவில்லை. "உங்கட கடலை நீங்களே வைச்சிருங்கோ" என்று கும்பிட்டுவிட்டுப் போனாய்.

பிறகு சண்டை எல்லாம் முடிந்து, முகாமில் இருந்து திரும்பி, கூரை போட்டு, ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில் உனக்கு ஹாம் றேடியோ ஆசை வந்தது. பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரம் எடுத்து, அதைச் சட்டம் போட்டு இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். தென்னைக்கும் வேம்புக்கும் நடுவில் நீளக் கம்பி இழுத்தாய். இந்த வயசில் என்ன விளையாட்டு என்று கேட்டன். "மச்சான், அந்தக் கடைசி மாதங்களில ஆர் எங்கை இருக்கினம், ஆர் உயிரோடை எண்டு ஆரிட்டையாவது கேட்க ஒரு வழி இருந்ததோ?" என்றாய். அதுக்குப் பிறகு நான் விளையாட்டு என்ற சொல்லைச் சொல்லவில்லை.

எமிலியாவுக்குத்தான் பயம். செற், அதுதான் கதைக்கிற றேடியோ, என்ற சொல்லைக் கேட்டால் வாசற்கதவைச் சாத்துகிறவள் அவள். அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்று எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பியைக் கண்டு விசாரிக்க வந்தவர்களுக்கு நீ சட்டம் போட்ட பத்திரத்தைக் கழற்றிக் காட்டி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாய். அவர்கள் போன பிறகுதான் எமிலியா குசினியில் இருந்து வெளியே வந்தாள். வந்தவள் வேறு வழியில் உன்னைப் பழி வாங்கினாள். கம்பி தாழ்ந்து வந்த பக்கத்தில் சீலை காயப்போட்டாள். நீ உள்ளே இருந்து, "எமிலி, என்னோடை கதைச்ச யப்பான்காரன் ஒருத்தன் உம்மட சீலையில மாட்டுப்பட்டுத் தொங்குறான், எடும்" என்று கத்தினது இப்பவும் காதில் நிற்குது.

எனக்குப் பின்னேரத் தேத்தண்ணி உன்ர வீட்டில்தான். நீ மேசையில் பெரிய செற்றுக்கு முன்னால், நான் பக்கத்துக் கதிரையில். நாலைந்து ஊர்க்காரர் ஒரே நேரத்தில் கூடிக் கதைக்கிற நேரம் அது. திருகோணமலைக்காரர் கூப்பிடுவார், பிறகு நீ, பிறகு வவுனியா ராமையா, பிறகு மூக்கால் கதைக்கிற அந்தக் கண்டிக்காரர். ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுத்த கூப்பிடு பெயர், இங்கிலீசு எழுத்தும் ஒரு இலக்கமுமாய். எனக்கு அதெல்லாம் கோயில் மணி மாதிரிச் சத்தம்தான். ஆனால் குரல் தெரியும். ராமையா வவுனியாவுக்கு வெளியே கமம் செய்கிறவர், மலைநாட்டில் இருந்து வந்த குடும்பம். அவருடைய பயற்றங்காய்க்குப் பூச்சி விழுந்ததும், கண்டிக்காரரின் மனிசிக்கு முழங்கால் நோவு என்பதும் எனக்கு அவர்களின் முகம் தெரியாமலே தெரியும். பெரிய கதை ஒன்றும் இல்லை. மழை பெய்ததோ, என்ன கறி, மகள் வந்தாளோ. அதைக் கேட்க ஒரு மனிசன் இவ்வளவு கம்பி இழுக்க வேண்டுமோ என்று முதலில் நினைத்தன். பிறகு ஒரு நாள் நான் வரப் பிந்தினால் எமிலியாவிடம், "கண்டிக்காரற்றை மனிசிக்கு இப்ப எப்பிடியாம்?" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டன்.

எனக்கு நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "மச்சான், கேட்கலாம். கதைக்கேலாது." லைசென்ஸ் இல்லாதவன் மைக்கைத் தொடக்கூடாது. ஒருநாள் பகிடிக்குக் கையை நீட்டினன். கையில் அடித்தாய், சின்னப் பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி. "உயிர் போற அலுவல் எண்டு வந்து, வேறை வழியும் இல்லாட்டி, அப்ப மட்டும் ஆரும் மைக் பொத்தானை அமத்தலாம். அதுவரைக்கும் தேத்தண்ணியைக் குடி" என்றாய். நான் தேத்தண்ணியைக் குடித்தன். சீனி கரையக் கரையக் கலக்கிக் குடித்தன்.

இனிச் சின்னச் செற்றின் கதை. பெரியது உலகத்தோடு கதைக்க. சின்னது, கையில் பிடிக்கிறது, எங்கட வள்ளக்காரர் தங்களுக்குள் கதைப்பதைக் கேட்க மட்டும். நீ அதைக் கேட்டுக் கேட்டு, ஆர் எங்கே நிற்கிறான் என்று சுவரில் இருந்த கடல் வரைபடத்தில் ஊசி குத்தி வைத்தாய். நான் வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"என்ன பகிடி?" என்றாய்.

"நீ ஊசி குத்தின இடத்தில ஒருத்தனும் இல்லை, மச்சான்."

உனக்கு விளங்கவில்லை. கடலில் மீன் பட்ட இடத்தை ஒருவனும் செற்றில் சொல்ல மாட்டான் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரியும். சொன்னால் அரை மணித்தியாலத்தில் ஊர் வள்ளம் எல்லாம் அங்கே வந்து நிற்கும். வடக்கே நிற்கிறவன் தெற்கே என்பான். வலை நிறைய மீனை வைத்துக்கொண்டு, "ஒண்டும் இல்லையடா, எண்ணெய்க் காசும் வராது" என்பான். உண்மையாய் ஒன்றும் படாதவன் மட்டும்தான் நீட்டி முழக்கி அந்தோனியாரையும் திட்டுவான். எங்கட அப்பன், பாட்டன் காலத்தில் செற் இல்லை, ஆனால் கரையில் நின்று சொன்ன பொய் இதேதான். கேட்கிறவனுக்கும் பொய் என்று தெரியும். அதில் ஒரு மரியாதையும் இருக்கு.

உனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். தந்தி அடித்த மனிசன். சொல்லுக்குக் காசு கட்டி அனுப்புகிறவன் பொய் சொல்லுவானோ என்று கேட்டாய். ஊசி எல்லாத்தையும் பிடுங்கினாய். ரெண்டு நாள் கதையில்லை. மூன்றாம் நாள் விடிய நான் வந்தபோது நீ முற்றத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தாய். சின்னச் செற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல மெல்ல, தேர்த் திருவிழாவில் வழி தவறின கிழவன் மாதிரி. எமிலியா வாசலில் நின்று, "அண்ணை, இந்தாளுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றாள்.

விசர் இல்லை. செற்றை நெஞ்சோடு வைத்தால் எங்கட உடம்பு ஒரு சுவர். கதைக்கிறவன் எங்கட முதுகுப் பக்கம் நின்றால் அவன் குரல் மங்கும். கிட்டக் குரல் என்றால் செற்றின் கொம்பை, அதுதான் ஏரியலை, கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும், அப்பதான் மங்குவது தெரியும். குரல் செத்துப்போகிற நேரம் உனக்குப் பின்னால் எந்தத் திசையோ, அவன் அந்தத் திசை. "வாய் பொய் சொல்லும் மச்சான். இரைச்சல் சொல்லாது. குரலைக் கேளாதை, குரலுக்குப் பின்னால என்ன கேட்குதெண்டு கேள்" என்றாய். அன்றைக்கு இருந்து விடிய விடிய ரெண்டு கிழவர் முற்றத்தில் சுற்றினம். நீ உன்ர இரைச்சலை வைத்து ஒரு திசை சொல்லுவாய். அவன்ர குணத்தை வைத்து நான் ஒன்று சொல்லுவன். மத்தியானம் வள்ளம் கரைக்கு வரும்போது அது எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்க ரெண்டு பேரும் மணலில் நிற்பம். தோற்றவன் தேத்தண்ணி போட வேண்டும். எமிலியா தான் போட மாட்டன் என்று சொல்லிவிட்டாள்.

பங்குனியில் நீ போனாய். ஆசுபத்திரியில், நெஞ்சு நோவென்று சொல்லி.

எமிலியா பெரிய செற்றை வெள்ளைத் துணியால் மூடினாள். ஆருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நின்றாள். "அவர் இருக்கேக்கை பத்திரம் இருந்தது. இப்ப ஆரின்ர பேரில இருக்கு? கேட்டு வந்தால் நான் என்ன சொல்லுறது?" அவள் சொல்வதும் சரிதான். நீ போனவுடன் உன்ர கூப்பிடு பெயரும் போய்விட்டது. நான் கெஞ்சிக் கூத்தாடி, கேட்க மட்டும், பின்னேரத்தில் மட்டும், துணியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு என்று சம்மதம் வாங்கினன். முதல் பின்னேரம் திருகோணமலைக்காரர் கூப்பிட்டார். அடுத்தது உன்ர முறை. ராமையா உடனே கதைக்கவில்லை. ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, வெறும் இரைச்சல். அதுக்குப் பிறகுதான் தன்ர பேரைச் சொன்னார். மறுநாளும் அப்படித்தான். அந்த இடம் உனக்கென்று விட்டிருக்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

விடியப் புறத்தில் தனியாய்ச் சுற்றுவதையும் நான் விடவில்லை. எதிரே போட்டிக்கு ஆள் இல்லாமல் சுற்றுவது ஒரு சுகமில்லாத வேலை. இருந்தாலும் சுற்றினன்.

கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. வரும் வரும் என்று முதலே சொன்னவைதான். ஆனால் அன்றைக்கு விடியக் கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடந்தது. முதல் நாள் போட்ட வலை கடலில் இருந்தது. அதை இழுத்துக்கொண்டு ஓடி வருவம் என்று சிலர் இறங்கினார்கள். லூக்காசும் அவன்ர தம்பியும் அதில். செற்றில் லூக்காசின் குரல் வந்தது: "நாங்கள் கொக்கிளாய்ப் பக்கம் நிக்கிறம். ஒண்டும் இல்லை." அவ்வளவுதான். சின்ன வாக்கியம். அந்தோனியாருக்குத் திட்டும் இல்லை. கொம்பைக் கழற்றிவிட்டுச் சுற்றினன். வடக்கே நான் முதுகு கொடுத்த நேரம் குரல் செத்துப்போனது. கொக்கிளாய் எங்களுக்குத் தெற்கே, தூரம். அங்கே இருந்து என்றால் கொம்பு இருந்தாலே அரைகுறையாய்த்தான் கேட்கும். இவன் பக்கத்தில், முள்ளிவாய்க்காலுக்கு நேரே எங்கேயோ நிற்கிறான். "கள்ளன்" என்று எனக்குள் சிரித்துவிட்டு உள்ளே போனன்.

காற்றுத் தொடங்கின வேகத்தை நான் என்ர ஆயுளில் கண்டதில்லை. மத்தியானத்துக்குள் எல்லா வள்ளமும் ஓடி வந்து ஏறிவிட்டது, ஒன்றைத் தவிர. கரண்ட் இல்லை. போன் கோபுரமும் படுத்துவிட்டது. ஒருவரின் போனிலும் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. றோட்டில் வெள்ளம். லூக்காசின் மனிசி மெற்றில்டா மழையில் தோய்ந்து ஆட்களோடு உன்ர வீட்டுக்கு வந்தாள். இந்தக் கரையில் கம்பி இருக்கிற வீடு இதுதானே.

"கொக்கிளாய்ப் பக்கமாம், எல்லாரும் செற்றில கேட்டவையாம். கடற்படைக்கு ஆராவது சொல்லுங்கோ, அங்கை போய்ப் பார்க்கட்டும்" என்று அழுதாள்.

"கொக்கிளாயில இல்லை, பிள்ளை" என்றன்.

"வீட்டில வெளிக்கிடேக்கையும் எனக்குக் கொக்கிளாய் எண்டுதானே சொன்னவர். எனக்கும் பொய் சொல்லுவாரோ?"

அங்கே நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

நான் பெரிய செற்றைப் பார்த்தன். கார் பற்றரி இருக்கு, செற் வேலை செய்யும். என்ர கையில் நீ அடித்த அடி அப்படியே இருந்தது. நான் சொல்வது பிழை என்றால்? விடிய வடக்கே நின்றவன் பிறகு உண்மையாகவே தெற்கே போயிருந்தால்? படகை நான் பிழையான பக்கம் அனுப்பிவிட்டால் ரெண்டு உயிர் என்ர வாயால் போகும். அப்போது எமிலியா, செற் என்றால் கதவைச் சாத்துகிற எமிலியா, வந்து அந்த வெள்ளைத் துணியை இழுத்துத் தோளில் போட்டாள்.

"அவர் சொன்னவர் தானே அண்ணை, உயிருக்கெண்டால் ஆரும் அமத்தலாமெண்டு. அமத்துங்கோ."

செற்றைப் போட்டவுடன் குரல்கள். எந்தப் பாலம் உடைந்தது, எந்த ஊரில் ஆட்கள் கூரையில் நிற்கினம் என்று சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீசிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் நான் அமத்தினன்.

"அவசரம். முல்லைத்தீவுக் கரையிலயிருந்து கதைக்கிறன். எனக்குக் கூப்பிடு பெயர் இல்லை. லைசென்ஸ் இல்லை. ஒரு வள்ளம் வரேல்லை, ரெண்டு பேர்."

பதில் இல்லை. திரும்பச் சொன்னன். பதில் இல்லை.

"கையை எடுங்கோ அண்ணை. நீங்கள் விட்டால்தானே அவை கதைப்பினம்" என்றாள் எமிலியா.

இவ்வளவு வருசம் பக்கத்தில் இருந்தும், பொத்தானை விட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, பார்த்தாயா. நீ என்னைத் தொட விட்டிருந்தால் அல்லவோ.

விட்டன். ஒருவர் இங்கிலீசில் ஏதோ கடுமையாய்க் கேட்டார். யார் நீ, இந்த நேரத்தில் விளையாட வேண்டாம் என்கிற தொனி. பிறகு ராமையாவின் குரல்.

"பேசுறது யாருங்க? அது மரியநாயகம் ஐயா இருந்த ஊரு. ஐயா இல்லையே இப்ப."

பேரைச் சொல்ல வாயைத் திறந்தன். இருமல்தான் வந்தது, என்ர பழைய பீடி இருமல். பொத்தானை அமத்தினபடி இருமினன்.

"கொஞ்சம் இருங்க" என்றார் ராமையா. "தேத்தண்ணி கலக்குற பெரியவரா நீங்க?"

மச்சான், நீ கதைத்த ஒவ்வொரு பின்னேரமும் உனக்குப் பின்னால் ஒரு கரண்டிச் சத்தமும், அதுக்குப் பிறகு ஒரு இருமலும் அவர்களுக்குக் கேட்டிருக்கு. ஆர் அது என்று ஒருநாள் கேட்டதுக்கு, "என்ர மச்சான். கதைக்க மாட்டார், ஆனால் எப்பவும் இருப்பார்" என்று நீ சொன்னாயாம். எனக்கு நீ சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை?

ராமையா மற்றவர்களுக்கு, "இவரை எனக்குத் தெரியும். உண்மையான ஆளு. எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க" என்றார். எல்லாக் குரலும் நின்றது. வள்ளத்தின் நிறம், ரெண்டு பேரின் பெயர், எல்லாம் சொன்னன். முள்ளிவாய்க்காலுக்கு நேரே பார்க்கச் சொன்னன்.

"படகுக்காரரே கொக்கிளாய்னு சொன்னதா, போன் விழுறதுக்கு முன்னாடியே வேற ஆளு கடற்படைக்குச் சொல்லியிருக்காங்களே?" என்றார்.

"ஓம், சொன்னவன். அதாலைதான் சொல்லுறன் அங்கை இல்லையெண்டு. விடிய செற்றை நெஞ்சோடை வைச்சுச் சுத்தினனான்."

"ஐயா எங்களுக்குச் சொல்வாரே, அந்தச் சுத்தா?"

"அதேதான்."

"சரிங்க. நான் சொல்றேன்."

தெற்கே போக வெளிக்கிட்ட மீட்புப் படகை வடக்கே திருப்பினார்கள். பிறகு காத்திருப்பு. மெற்றில்டா செபமாலை சொன்னாள், கூட எல்லாரும் சொன்னார்கள். நான் செற்றைப் பார்த்தபடி இருந்தன். என்னிடம் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை அவள். அதுதான் எனக்குப் பாரமாய் இருந்தது. வெளிச்சம் மங்குகிற நேரம் ராமையா கூப்பிட்டார். "பெரியவரே. ரெண்டு பேரும் இருக்காங்க. கவுந்த படகுல வலை மிதப்பைப் புடிச்சுக்கிட்டு. நீங்க சொன்ன பக்கந்தான்."

மெற்றில்டா எமிலியாவின் தோளில் இருந்த வெள்ளைத் துணியில் முகத்தைத் துடைத்தாள். நான் முற்றத்துக்குப் போய் மழையில் நின்றன். அந்தக் கரையில் எங்களுக்கு நடந்ததுகளை இதில் எழுத வேண்டாமென்று றெஜினாவிடம் சொல்லிவிட்டன். ஆனால் முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்து "இருக்காங்க" என்று ஒரு குரல் வரும் என்று நீயும் நானும் நினைத்திருப்பமோ?

லூக்காஸ் ஆள் தேறி, ஒரு கிழமையால் பாரை மீனோடு வேலியில் வந்து நின்றான்.

"என்ன தம்பி, கொக்கிளாயில கடல் எப்பிடி?" என்று கேட்டன்.

"விடுங்கோ ஐயா" என்று மண்ணைக் காலால் கிண்டினான்.

பின்னால் நின்ற மெற்றில்டா விடவில்லை. "எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை, ஐயாவுக்கெண்டாலும் உண்மையைச் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள்.

அதில் இருந்து இங்கே ஒரு புதுப் பழக்கம். லூக்காஸ் விடியக் கடலுக்குப் போகும்போது வேலியில் நின்று என்னைப் பார்ப்பான். வாய் திறக்க மாட்டான். நாடியை நிமிர்த்தி ஒரு திசையைக் காட்டிவிட்டுப் போவான். இப்ப மற்றவர்களும் வருகிறார்கள், ஒருவர் மற்றவரைக் காணாத மாதிரி, ஒருவன் போன பிறகு ஒருவன். செற்றில் பொய் பழையபடி நடக்குது, கொக்கிளாயில் நிற்கிறவன் வடக்கே சாலை ஊர்ப் பக்கம் என்கிறான். வேலியில் மட்டும் உண்மை. அதை நான் ஒருவருக்கும் சொல்லுவதில்லை. எழுதி வைக்கவும் எனக்குத் தெரியாது, அதால்தான் நம்புகிறார்கள் போல. இந்த இடத்தை எழுதாதே என்று றெஜினாவுக்குச் சொன்னன். "ஊருக்கே தெரியும் மாமா, ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்" என்று எழுதுகிறாள்.

உன்ர மகள் நீ எழுதின அந்த றேடியோப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. புயலன்றைக்கு அவள் கிளிநொச்சியில் நின்றாள், நான் சொன்னதை அங்கே இருந்து கேட்க வழியில்லாமல் போனது அவளுக்குக் கோபம். எமிலியா கம்பியில் சீலை போடுவதை நிற்பாட்டிவிட்டாள். வெள்ளைத் துணி இப்ப குசினியில் பாத்திரம் துடைக்க. செற்றை ஆருக்கும் கொடுக்கிற கதை இல்லை. றெஜினாவுக்குக் கிடைக்கிற கூப்பிடு பெயர் வேறாய் இருக்குமாம். உன்ர பெயர் வராது. அது பரவாயில்லை.

பின்னேரம் திருகோணமலைக்காரர் முடித்த பிறகு ராமையா இப்பவும் அந்த ரெண்டு மூச்சு இடத்தை விடுகிறார். என்ர கைக்குக் கிட்டத்தான் மைக். "ஒருக்கால் அமத்தி வணக்கம் சொல்லுங்கோவன் மாமா, அவை சந்தோசப்படுவினம்" என்கிறாள் றெஜினா. மாட்டன். அன்றைக்கு உயிர் போகிற அலுவல். இன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

உனக்கு வாக்குத் தருகிறன், மச்சான். அவள் பத்திரத்தோடு வந்து உன்ர கதிரையில் இருக்கும்வரைக்கும் நான் அந்தப் பொத்தானைத் தொட மாட்டன். வந்தவுடன் எழும்பி என்ர பழைய கதிரைக்குப் போய்விடுவன். விடிய முற்றத்தில் சுற்றுவன். பின்னேரம் அந்த ரெண்டு மூச்சு இடத்தில், மைக்கை அமத்தாமல், தேத்தண்ணியைக் கலக்குவன். ராமையாவுக்கு அது கேட்காது என்று எனக்குத் தெரியும்.

கரையில் இருந்து,
உன்ர எமிலியின் தமையன், கதைக்காமல் எப்பவும் இருக்கிற உன்ர மச்சான்,
சூசைப்பிள்ளை